அரியணைக்குக் கணக்குக் கேட்கும் வகாண்டா: மூன்று காமிக்ஸ் நூல்களின் மதிப்புரை

மார்வெல் காமிக்ஸின் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டா என்றதும் சிங்கப்பூர்த் தமிழர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, 2018 பிப்ரவரியில் இங்குள்ள திரையரங்குகளுக்கு வந்த 'பிளாக் பேந்தர்' படமும், அதைப் பார்த்துவிட்டு மார்பின் குறுக்கே கைகளை மடக்கி வணக்கம் வைத்த பிள்ளைகளும்தான். அந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அதே அரச குடும்பத்தை எடுத்துக்கொண்டு, படம் ஓரமாக ஒதுக்கிவைத்த ஒரு கேள்வியை நேருக்கு நேர் கேட்ட காமிக்ஸ் தொடர் ஒன்று வெளிவந்தது. 'பிளாக் பேந்தர்: எ நேஷன் அண்டர் அவர் ஃபீட்' என்ற அந்தத் தொடரின் பன்னிரண்டு இதழ்களும் மூன்று மெல்லட்டை நூல்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. உலகிலேயே அறிவியலில் முந்தி நிற்கும் ஒரு நாட்டுக்கு இன்னும் எதற்காக ஓர் அரசன் வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. நூல்கள் அதற்குத் தரும் விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. கேட்ட விதத்துக்காகவே இவற்றைப் படிக்கலாம் என்று சொல்வேன்.

எழுதியவர் டா-நெஹாசி கோட்ஸ். அமெரிக்காவில் இன அரசியல் பற்றி எழுதிவந்த இதழியலாளரான இவர், 2015-இல் அந்நாட்டின் தேசியப் புத்தக விருதைப் பெற்றவர். காமிக்ஸ் எழுதியது அவருக்கு இதுவே முதல் முறை. அதன் நன்மையும் தீமையும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகின்றன. படங்களை முதலில் வரைந்தவர் பிரையன் ஸ்டெல்ஃபிரீஸ், பின்னர் கிறிஸ் ஸ்ப்ரௌஸ். வண்ணம் லாரா மார்ட்டின்.

கதை தொடங்கும்போது, பிளாக் பேந்தராக விளங்கும் டிச்சாலா ஏற்கெனவே தோற்றுப்போன அரசன். முந்தைய தொடர்களில் கடலடி நாட்டு மன்னன் நேமர் ஏவிய வெள்ளம் தலைநகரை மூழ்கடித்திருக்கிறது, விண்வெளிக் கொடுங்கோலன் தானோஸின் படை நாட்டைச் சூறையாடியிருக்கிறது, அரியணையில் இருந்த தங்கை ஷூரி உயிருக்கும் சாவுக்கும் நடுவில் கிடக்கிறாள். 'எந்தப் பகைவனும் எல்லை தாண்டியதில்லை' என்ற பெருமையில் வாழ்ந்த மக்களுக்கு அந்தப் பெருமையே போய்விட்டது. முதல் காட்சியில், நாட்டின் செல்வமான வைபிரேனியம் என்ற கற்பனை உலோகத்தைத் தோண்டும் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் அரசன் மீதே பாய்கிறார்கள்; அரசனின் வீரர்கள் மக்களைச் சுடுகிறார்கள். மனத்தில் ஏற்கெனவே இருக்கும் சினத்தைக் கிளறிவிடும் ஆற்றல் கொண்ட ஸென்ஸி என்ற பெண் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறாள். அவள் இல்லாத சினத்தை உண்டாக்குவதில்லை என்பதில்தான் கதையின் கூர்மை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சதி என்று சொல்லித் தப்பிக்க அரசனுக்கு இடம் கொடுக்காமல், சினத்துக்கு விதை போட்டது அரண்மனையே என்று நூல் முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறது.

தொடரின் மிகச் சிறந்த பகுதி அடுத்து வருகிறது. அரசனின் மெய்க்காவற் படையான டோரா மிலாஜேயில் தலைவியாக இருந்த அனேகா, தன் ஆளுகைக்குட்பட்ட பெண்களைச் சீரழித்துவந்த குறுநிலத் தலைவன் ஒருவனைக் கொன்றுவிடுகிறாள். வழக்கு, அரசனின் வளர்ப்புத் தாயான ரமோண்டாவின் அவைக்கு வருகிறது. சட்டத்தைத் தன் கையில் எடுத்த குற்றத்துக்கு மரண தண்டனை என்று அரசி தீர்ப்பளிக்கிறாள். அனேகாவின் காதலி அயோ, போர்க்கவசம் ஒன்றைக் கவர்ந்து அணிந்து சிறையை உடைத்து அவளை மீட்கிறாள். பிறகு இருவரும் அரியணையைத் திரும்பிப் பார்க்காமல் வடக்கே சென்று, அங்குக் கொடுமைக்கு ஆளான பெண்களை விடுவிக்கத் தொடங்குகிறார்கள். மன்னனே உலகத்துக்கு உயிர் என்று பாடிய மரபில் வந்த நாம்தான், அரசவையில் சிலம்பை உடைத்து நீதி கேட்டவளைத் தெய்வமாக்கியும் வைத்திருக்கிறோம். ஆகவே இந்தப் பகுதி தமிழ் வாசகருக்குப் புதியதாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்று உண்டு. பாண்டியன் தன் தவற்றை உணர்ந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். ரமோண்டாவோ உயிரோடிருந்து, தான் அளித்த தீர்ப்பின் விளைவுகளைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்டெல்ஃபிரீஸ் அந்தத் தீர்ப்புக் காட்சியில் கையாளும் அடக்கம் பாராட்டுக்குரியது. அரசியின் முகத்தில் வெறுப்பும் இல்லை, இரக்கமும் இல்லை, கடமையின் களைப்பு மட்டும் இருக்கிறது.

ஷூரியின் கதை வேறொரு தளத்தில் நடக்கிறது. உடல் அசைவற்றுக் கிடக்க, அவள் உயிர் ஜலியா என்னும் நினைவுவெளியில் அலைகிறது. தாயின் உருவில் தோன்றும் ஒரு கிரியோ அவளுக்குத் துணை. மேற்கு ஆப்பிரிக்காவில் அரச குலங்களின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்துவந்த மரபினர் கிரியோக்கள். நம் பாணர்களையும் பொருநர்களையும் அறிந்தவருக்கு அவர்களின் பணி விளங்கிவிடும். வகாண்டா என்ற நாடு உருவாவதற்கு முன்பிருந்த குடிகளின் கதைகளை ஷூரி ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். கேட்ட கதைகள் அவளுக்குள் ஆற்றலாக இறங்குகின்றன. உடல் கல்லாக இறுகவும் பறவைக் கூட்டமாகச் சிதறிப் பறக்கவும் கற்றுத் திரும்பி வருகிறாள். படத்தில் ஆய்வுக்கூடத்தில் துள்ளித் திரிந்த குறும்புக்காரத் தங்கையை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே திகைக்கக்கூடும். இவள் ஆண்டு, தோற்று, இறந்து, முன்னோரின் நினைவைச் சுமந்து திரும்பிய அரசி. அண்ணன் இயந்திரங்களைக் கொண்டு நாட்டைக் காக்க முனைகிறான். தங்கை கதைகளைக் கொண்டு காக்கிறாள். குடும்பத்தின் மரபு என்பது அணிகலனோ அரியணையோ அன்று என்பதை நூல் எங்கும் உபதேசமாகச் சொல்லாமல், இவளை நடமாட விட்டே உணர்த்திவிடுகிறது.

எதிரணியில் நிற்கும் டெட்டுவும் வெறும் வில்லன் அல்லன். ஹெகிமா ஷூலே என்ற பல்கலைக்கழகத்தில் சாங்காமிரே என்ற தத்துவப் பேராசிரியரிடம் பாடம் கேட்டவன். முடியாட்சிக்கு நியாயம் கிடையாது என்ற பாடத்தை ஆசிரியர் சொற்களில் நிறுத்திக்கொள்ள, மாணவன் குருதியில் எழுதப் புறப்படுகிறான். ஆயுத வணிகன் எசெக்கியேல் ஸ்டேனுடன் சேர்ந்து தற்கொலைத் தாக்குதல்களை ஏவும் அளவுக்கு அவன் போவதும், அதில் ரமோண்டா படுகாயம் அடைவதும் அவன் மீதுள்ள பரிவைக் குறைக்கின்றன. ஆனால் அரசன் செய்வது மட்டும் என்ன? கலகத்தை அடக்க, பிற நாடுகளின் கொடுங்கோலாட்சிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை டிச்சாலா ரகசியமாக அழைத்துப் பேசுகிறான். அந்தச் சந்திப்பு வெளியே கசிந்துவிடுகிறது. தன் மக்கள் முன் அவன் தலை குனியும் அந்த இடத்தைப் போல் ஒன்றை நான் படித்த மற்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸ்களில் கண்டதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். நடுவில் லூக் கேஜ், மிஸ்டி நைட், ஸ்டார்ம் போன்ற மார்வெல் நாயகர்கள் உதவிக்கு வந்து சேரும் பகுதி கதையின் சூட்டைத் தணித்துவிடுகிறது. ஒரு நாட்டின் உள்விவகாரத்தை அதன் மக்களே தீர்க்க வேண்டும் என்று வாதிடும் நூலுக்கு அமெரிக்காவிலிருந்து ஆள்பலம் எதற்கு? இரண்டாவது குறை மொழிநடை. பாத்திரங்கள் எல்லாரும் ஒரே கனத்தில், ஒரே மேடைத் தொனியில் பேசுகிறார்கள். சிறைக்காவலரும் தத்துவப் பேராசிரியரும் ஒரே வாய். என் அண்ணன் மகன் உயர்நிலைப் பள்ளி மாணவன், முதல் நூலை முடித்துவிட்டு, "சித்தப்பா, எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க, எப்போ அடிப்பாங்க?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சண்டைக் காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார் என்பதே சில இடங்களில் விளங்கவில்லை.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடைசியில் டெட்டுவின் படை தலைநகரைத் தாக்குகிறது. இறந்துபோன அரசர்களும் அணிவகுத்து எழுந்து வர, அரசன் வெல்கிறான். பிறகு நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்தவர்கள் கூடி அரசமைப்புச் சட்டம் எழுத முனைகிறார்கள். போருக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கியவர்கள், எதற்காகப் போர் நடந்ததோ அந்த மாற்றத்துக்குச் சில பக்கங்களே தருகிறார்கள். முதல் காட்சியில் சுடப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களில் ஒருவருக்காவது பெயர் இருந்திருந்தால், அந்த அவையில் அவருக்கும் ஓர் இருக்கை கிடைத்ததா என்று பார்த்திருக்கலாம். மக்களின் உரிமை பற்றிய நூலில் பேசுவோர் எல்லாரும் அரச குலத்தவர், படைத்தலைவியர், பேராசிரியர்.

சிங்கப்பூரில் இருந்து இதைப் படிக்கும்போது ஒரு நினைவு குறுக்கிடுவதைத் தவிர்க்க முடியவில்லை. 1819-இல் ராஃபிள்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட சுல்தான் உசேன் ஷாவின் வழிவந்தோர் 1990களின் இறுதிவரை கம்போங் கிளாம் இஸ்தானாவில் வாழ்ந்தார்கள். அந்த மாளிகை இன்று மலாய் மரபுடைமை நிலையம். அரசு போனபின் அரச குடும்பம் என்னவாகிறது என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு மாளிகை இருக்க, வகாண்டா அந்தக் கேள்வியின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

கற்பனை நாட்டின் மரபு உண்மையான ஆப்பிரிக்காவில் எங்கே வேர் விடுகிறது என்று பார்ப்பவர்களுக்கு நூலில் நிறைய கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரில் சுவாகிலி, கிரியோவில் மேற்கு ஆப்பிரிக்கா எனக் கண்டத்தின் பல பகுதிகள் கலந்திருக்கின்றன. படமும் இதே வழியில்தான் சென்றது: வகாண்டா மக்கள் பேசுவது தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி, ரமோண்டாவின் மகுடம் சூலுப் பெண்களின் தொப்பியைப் பின்பற்றியது, எல்லைக் குடியினர் போர்த்தியிருப்பது லெசோத்தோவின் கம்பளி. இப்படிப் பல நாடுகளை ஒரே நாட்டுக்குள் அடைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம் ஒரே அலங்காரப் பெட்டி ஆகிவிடுகிறது. காமிக்ஸ் இதைக் கொஞ்சம் நேர்மையாகக் கையாள்கிறது. வகாண்டாவுக்குள்ளேயே பல குடிகள், பல நிலங்கள், பல மனத்தாங்கல்கள் இருப்பதாகக் காட்டி, முதல் நூலிலேயே நாட்டின் வரைபடத்தையும் தந்துவிடுகிறது. கதை படிக்கும்போது அந்த வரைபடத்தை நான் அடிக்கடி புரட்டிப் பார்த்தேன்.

நூல்களைப் பொருளாகப் பார்த்தால், வழவழப்பான தாள், திருத்தமான அச்சு. முதுகு பசையால் ஒட்டப்பட்டது என்பதால் இரு பக்கங்களில் விரியும் ஓவியங்களின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறது; அகலத் திறந்தால் தாள் கழன்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. நூலகப் படி ஒன்றில் ஏற்கெனவே இரண்டு தாள்கள் ஒட்டுநாடாவின் தயவில் நின்றன. பன்னிரண்டு இதழ்களையும் ஒன்றாகச் சேர்த்த பெரிய அளவுக் கெட்டியட்டைப் பதிப்பும் உண்டு. ஓவியத்துக்காக வாங்குபவர்கள் அதற்குப் போவதே நல்லது. கதைக்காகப் படிப்பவர்களுக்கு மெல்லட்டை போதும். பெருவிரைவு ரயிலில் நின்றபடி ஒரு கையில் பிடித்துப் படிக்க முடிகிறது.

மெல்லட்டைப் பதிப்புக்கு இன்னொரு சிறப்பு உண்டு. முதல் நூலின் பின்பகுதியில் டிச்சாலா முதன்முதலில் தோன்றிய 1966-ஆம் ஆண்டு 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52-ஆம் இதழைச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய அந்த அரசன், நால்வரை விருந்துக்கு அழைப்பதுபோல் அழைத்துத் தன் வலிமையைச் சோதித்துப் பார்க்க வேட்டையாடுகிறான். மரமெல்லாம் கம்பியும் குழாயுமாக இருக்கும் கிர்பியின் இயந்திரக் காட்டை இன்றும் வியப்போடு பார்க்கலாம். இரண்டாம் நூலில் 1973-இன் 'ஜங்கிள் ஆக்‌ஷன்' 6, 7-ஆம் இதழ்கள் உள்ளன. காட்டில் வெள்ளைக்கார நாயகர்கள் சாகசம் செய்த பழைய கதைகளை மறுபதிப்பாக வெளியிட்டுவந்த இதழ் அது. அந்த இதழையே எழுத்தாளர் டான் மெக்கிரெகர் ஓர் ஆப்பிரிக்க அரசனின் கதைக்குக் களமாக்கினார். டிச்சாலாவின் அரியணையைப் பறிக்க வரும் எதிரி கில்மாங்கர் அறிமுகமாவதும் அருவியின் விளிம்பிலிருந்து டிச்சாலாவைத் தூக்கி எறிவதும் இங்கேதான். படத்தில் கண்ட அருவிச் சண்டைக்கு மூலத்தைத் தேடுபவர்கள் இந்தப் பக்கங்களுக்காகவே இரண்டாம் நூலை எடுக்கலாம்.

பெற்றோர் கவனத்துக்கு: தற்கொலைத் தாக்குதல், பெண்கள் மீதான வன்கொடுமை, சித்திரவதை ஆகியவை கதையின் மையத்தில் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்பு மாணவர்களுக்கு ஏற்றது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குச் சூப்பர்ஹீரோ புத்தகம் என்று நம்பி வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். காமிக்ஸ் பழக்கமில்லாத பெரியவர்கள் முதல் நூலை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். அனேகாவின் வழக்கு உங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் மற்ற இரண்டும் பிடிக்கப்போவதில்லை. மூன்றையும் முடித்துவிட்டு, புதிய அரசமைப்பின் கீழ் வகாண்டா எப்படி நடக்கிறது என்று அறிய அடுத்த தொடருக்குத் தாவுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: 2018-இல் கோட்ஸ் தொடங்கிய அந்தத் தொடர் கதையைத் தூக்கிக்கொண்டு விண்மீன் மண்டலங்களுக்கே போய்விடுகிறது.