ஏர் சஸ்பென்ஷன் பேருந்துடன் 6 வருடம்

இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பைகள், அதாவது பெல்லோ, முன்னால் 2, பின்னால் 4 உள்ள 12 மீட்டர் பேருந்து. 6 வருடமாக அதன் பராமரிப்பு என் பொறுப்பு. பயணிகளைக் கேட்டால் மெத்தை மாதிரி போகிறது என்பார்கள். அடியில் படுத்து வேலை பார்க்கிறவனிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும்.

மூன்றாம் வருடம், "அண்ணே, இடது பக்கமே இழுக்குது" என்றார் டிரைவர். நான் டை ராட் எண்ட் (இரு முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை), டிராக் லிங்க் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) எல்லாம் மாற்றி அலைன்மென்ட்டும் செய்தேன். சில வாரம் ஓடியது, அப்புறம் பழைய கதை. கோளாறு இருந்ததோ பின்னால்! ஆக்ஸிலை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரேடியஸ் ராடின் ரப்பர் புஷ் கிழிந்து பின் ஆக்ஸில் லேசாகக் கோணியிருந்தது. அப்படியானால் வண்டி நண்டு போல் ஓடும். நேராகப் போகவே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். மாற்றிய பாகங்களில் பாதி நல்ல பாகங்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து ஸ்டியரிங் புகார் வந்தால் முதலில் வண்டி நிற்கும் உயரத்தை, அதாவது ரைடு ஹைட்டைத்தான் அளக்கிறேன். பெல்லோவில் காற்றைக் கூட்டிக் குறைத்து உயரத்தைக் காக்கும் லெவலிங் வால்வின் லிங்க் வளைந்தாலே முன்பக்க உயரம் மாறும்; கேஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) டிராக் லிங்க்கின் கோணமும் கூடவே மாறிவிடும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாக லேசாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். திருப்பினால் தானாக நேருக்குத் திரும்பவில்லையா? முன் ஆக்ஸிலைத் தூக்கி, டிராக் லிங்க்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்ப்பேன். அப்போதும் இறுக்கமாக இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் பவர் ஸ்டியரிங் பம்ப்பைக் கழற்றுவது வீண் வேலை.

காற்றுக் கசிவுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். காலையில் ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்த மூலையின் பெல்லோ மடிப்பையும், அதற்குக் காற்று தரும் லெவலிங் வால்வின் வெளியேற்றுத் துளையையும் பார்க்கவும். காற்று டேங்கைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது. எண்ணெயும் கலந்து வந்தால் கம்ப்ரஸரே தேய்கிறது. ஒன்று மட்டும்: சேஸிஸுக்கு (வண்டியின் சட்டத்துக்கு) ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். காற்று போனால் வண்டி சொல்லாமல் இறங்கும்.

இரும்புப் பட்டைகள் அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் வண்டிக்குத் திரும்புவேனா என்றால், மாட்டேன். போன மாதம் அதே டிரைவர் மறுபடி வந்தார். இந்த முறை வலது பக்கம் இழுக்கிறதாம். டேப்பை எடுத்தேன்; பின்புறம் ஒரு பக்கம் 3 செ.மீ. தாழ்ந்திருந்தது. லெவலிங் வால்வின் லிங்க் வளைந்திருந்தது, நிமிர்த்தாமல் புதிதே போட்டேன்.