“பை உடைக்காத புதுக்குத்தி” என்று சொல்லி 18,500 ரூபாயைக் கொண்டுபோய்விட்டார்கள்

பழைய காசு, நாணயக் குத்தி சேர்க்கிற எங்கட ஆக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. நேற்றுப் பின்னேரம்தான் எனக்கு முழுசாக விளங்கினது. போனது 18,500 ரூபாய்.

2013 இல் இலங்கை மத்திய வங்கி மாவட்டத்துக்கு ஒன்றாக 25 பத்து ரூபாய்க் குத்திகள் வெளியிட்டது ஞாபகம் இருக்கும். பஸ்ஸில தந்த மிச்சக்காசு, மீன் சந்தைச் சில்லறை என்று பொறுக்கிப் பொறுக்கி 19 சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் கைபட்டுத் தேய்ந்தவை. மகளுக்கு ஒரு செட்டாவது புத்தம்புதிதாக வேணும் என்று கன நாள் ஆசை. இணையத்தில் பழைய காசு விற்கிற ஒரு பக்கத்தில் 25 உம் கிடக்குது, “வங்கிப் பையிலிருந்து நேரே, கை படாதது” என்று போட்டிருந்தார்கள்.

நான் லேசில் நம்புகிற ஆளில்லை. ஆனால் அந்த ஆள் தானே அழைப்பெடுத்தார். “அண்ணே, நான் திருகோணமலை உவர்மலையில நின்டுதான் ஏ.எல். படிச்சனான். எங்கட ஊர் ஆளுக்குப் பிழையான சாமான் தருவனே?” என்றார். பிறகு ஒரு வீடியோ: நீலப் பை ஒன்றின் வாயைக் கத்தரிக்கோலால் வெட்ட, குத்திகள் கலகலவென்று மேசையில் கொட்டுகின்றன. அந்தச் சத்தத்தில்தான் விழுந்தேன். அன்றிரவே காசைப் போட்டுவிட்டேன். 25 குத்தியின் முகப்பெறுமதி 250 ரூபாய். நான் கொடுத்தது 18,500. மனிசி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அது வேறு.

பார்சலைப் பிரித்ததும் விளக்கு மினுக்குகிற மருந்து வாசம். என்னிடம் திருகோணமலைக் குத்தி ஒன்று உண்மையிலேயே புதிது. வெளியான காலத்தில் வங்கிக் கவுண்டரில் கூட்டாளி ஒருவர் மாற்றித் தந்தது. இரண்டையும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துச் சரித்துப் பார்த்தேன். என்னுடையதில் வெளிச்சம் சில்லுப்போல சுற்றி ஓடுகிறது. வந்ததில் தகரத் தட்டுப்போல ஒரே பளபளப்பு, அசைவே இல்லை. எழுத்து இடுக்குகளில் வெள்ளைப் பசை காய்ந்து கிடக்கிறது. ஊசியால் கிளறினால் மாவாக உதிர்கிறது.

அச்சு விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் தள்ளுப்பட்டு மயிரிழை வரிகள் விழும். அந்த ஓடுகிற வெளிச்சம் அதனால்தான். தேய்த்து மினுக்கினால் வரிகள் போய்விடும், திரும்ப வராது. இன்னொன்று, புழக்கத்துக்கு அடிக்கிற குத்திகள் அச்சிலிருந்து விழுந்து, பையில் ஒன்றோடொன்று முட்டித்தான் வரும். சின்னச் சின்ன அடி இல்லாமல் இராது. “ஒரு கீறலும் இல்லை அண்ணே” என்று அவர் சொன்னபோதே நான் விழித்திருக்க வேணும்.

படம் எடுத்து அனுப்பி அவரிடம் கேட்டேன். “புதுக்குத்தி அப்பிடித்தான் மணக்கும்” என்றது முதல் பதில். அடுத்து “உங்கட ஃபோன் கமராவில பிழை”. பிறகு “பார்சல் உடைச்சா திருப்பி எடுக்கிறேல்ல”. பிறகு முதலாளி கொழும்பில், திங்கள் கதைப்பார். திங்கள் வந்தது. நம்பரே போகவில்லை. வங்கிக்குப் போனால், “நீங்களாத்தானே போட்டிருக்கிறீங்கள்” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பொலிசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு வயிறெரிவது இதற்குத்தான்: எங்கட குத்திகள் வெளிநாட்டு அச்சகங்களில் அடித்துக் கப்பலில் வருபவை. வெளியிடுகிற உரிமை மத்திய வங்கிக்கு மட்டும். அங்கிருந்து வர்த்தக வங்கிகள், வங்கியிலிருந்து கடை, கடையிலிருந்து எங்கட சட்டைப்பை. நடுவில் “ஏஜென்ட்” என்று ஒருவரும் இல்லை. சேகரிப்பாளர்களுக்கென்று பெட்டியில் வருகிற ஞாபகார்த்தக் குத்திகளையும் மத்திய வங்கியே விற்கிறது. கொழும்பு சதாம் வீதியில் அவர்களுடைய பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. இங்கே திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்குது! ஒரு நாள் நேரில் போய்க் கேட்டிருந்தால் 18,500 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

எப்படித் தப்புவது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவும் போதும்: வீடியோவை நம்பாதேங்கோ. குத்தியைச் சரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. கையில் வாங்கிப் பார்க்காமல் முழுக்காசையும் போடாதேங்கோ. வீட்டில இருக்கிற பழசையும் மினுக்காதேங்கோ, பெறுமதி போயிடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கூட்டாளி ஒருவர் ஒரு லிங்க் அனுப்பினார். வேறு பேரில் ஒரு பக்கம். அதே நீலப் பை, அதே கத்தரிக்கோல். கீழே மூன்று பேர் விலை கேட்டிருக்கிறார்கள்.