பொயின்ட்டா, எலெக்ட்ரோனிக்கா? சூடேறினால் நின்றுவிடும் பழைய காருக்கு எது சரி

என்னுடையது 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 948 சிசி. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும்போது, புனானை தாண்டிய காட்டு ரோட்டில் அப்படியே அணைந்துபோனது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி அதே கதை. யானை கடக்கிற ரோட்டில், பொழுது சாய்கிற நேரத்தில்.

திரும்பி வந்ததும் ஆளுக்கு ஆள் ஒரு புத்தி சொன்னார்கள். பொயின்ட் என்பது பிளக்கில் பொறி தட்டுவதற்காகக் கரண்டைத் துண்டித்துச் சேர்க்கும் சின்ன உலோக முனைகள்; எலெக்ட்ரோனிக் என்றால் அதே வேலையைச் செய்யும் மின்னணுப் பெட்டி. கல்முனையில் இருக்கும் கூட்டாளி, "மச்சான், அந்தப் பொயின்ட்டைக் கழற்றி எறிஞ்சிட்டு எலெக்ட்ரோனிக் போடு" என்றான். கல்லடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாஸ் வேறு கட்சி, பொயின்ட்டே போதும் என்றார். நான் கடைசியில் பாஸ் பக்கம் சாய்ந்தேன். அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் காருக்கு எல்லோரும் முதலில் பெற்றோலைத்தான் குற்றம் சொல்வார்கள். நானும் பெற்றோல் பம்பின்மேல் ஈரத் துணி போட்டுக்கொண்டு நின்றவன்தான். "மனே, பெற்றோல் பக்கம் போகாத, கரண்டைப் பாரு" என்றார் பாஸ். சாவியைத் திருப்பினார். பம்ப் நாலைந்து தரம் டிக் டிக் என்று அடித்துவிட்டு அடங்கியது. அப்படி அடங்கினால் காபுரேட்டர் கிண்ணம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்க் காலி, இல்லை எங்கேயோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் பம்பை மெல்லத் தட்டிப் பார்க்கலாம்.

அப்புறம், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, சாவி போட்டபடியே, கரண்ட் பாயாத பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் மூடியிருந்த பொயின்ட்டை விலக்கினார். சின்னப் பொறி வரவேண்டிய இடத்தில் பளிச்சென்று நீல வெள்ளையாக ஒரு வெளிச்சம். பிளக் வயரில் பார்த்தால் மஞ்சளாக, நூல் மாதிரி ஒரு பொறி. பொயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பெரிதாகாமல் தடுக்கும் கண்டன்சர்தான் சூட்டில் செத்துப்போகிறது. அது புதிதாக வாங்கிப் போட்ட கண்டன்சர் என்பதுதான் வேடிக்கை. இப்போது வருகிற சாமான்களில் சில இப்படித்தான். கழற்றிய பழையதே இன்னும் நன்றாக வேலை செய்யும்.

எலெக்ட்ரோனிக்கின் நல்ல பக்கத்தை ஒளிக்கத் தேவையில்லை. காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும், பொயின்ட் தேய்கிறது, இடைவெளி பார்க்கவேண்டும் என்ற தொல்லை இல்லை. கூட்டாளியின் கார் இரண்டு மாரி மழையைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. நான் அதை ஓட்டியது ஒரே ஒரு தரம், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை. அதை வைத்துப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: ரோட்டில் நின்றால் நான் என்ன செய்வேன்? பொயின்ட் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். இழுவை குறையும், இழுக்கும்போது முக்கும். கறுத்திருந்தால் ஒரு துண்டு எமரித் தாளால் தேய்த்து, பதினைந்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) இடைவெளி, மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 0.38, வைத்துவிட்டால் வீடு வந்து சேரலாம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத நாளில் விசிட்டிங் கார்ட்டை வைத்தும் சமாளித்திருக்கிறேன்.

கண்டன்சர் போனாலும் ரோட்டிலேயே சமாளிக்கலாம். அதே கண்டன்சர்தான் வேண்டும் என்றில்லை. பழைய ஜப்பான் கார் ஒன்றினுடையதை எடுத்து, வயரை, வோல்டேஜை ஏற்றிக்கொடுக்கும் கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் மாட்டி, கண்டன்சரின் உடம்பை எஞ்சினில் ஒரு போல்ட்டில் இறுக்கினால் போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே இருப்பதால் சூடும் குறைவு. என்னுடையது இப்போது அப்படித்தான் ஓடுகிறது. பார்க்க அழகில்லை, பரவாயில்லை.

எலெக்ட்ரோனிக் மொடியூல் செத்தால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கறுப்புப் பெட்டி, உயிரோடு இருந்தாலும் செத்தாலும் ஒரே முகம். மீட்டர் இல்லாமல் சந்தேகப்படக்கூட முடியாது. இன்னொரு மொடியூல் ஓட்டமாவடியிலோ வாழைச்சேனையிலோ ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. மொரிஸ் மைனர் கம்பனியிலிருந்து வரும்போதே பற்றறியின் பொசிட்டிவ் முனைதான் காரின் பொடியில், அதாவது உடல் தகட்டில், இறங்கும். நெகட்டிவ் ஏர்த்துக்கு, அதாவது நெகட்டிவ் முனை பொடியில் இறங்கும் காருக்கு, என்று செய்த எலெக்ட்ரோனிக் செட்டை அப்படியே பூட்டினால் அந்த நிமிடமே புகைந்துவிடக்கூடும். உங்கள் காரை முன்னாலே யாராவது மாற்றியிருக்கவும் கூடும். வாங்குவதற்கு முன் பற்றறியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கொயிலின் ஓம் அளவும் (மின்தடையும்) செட்டுக்குப் பொருந்த வேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டுக்கும் ஒரே எதிரி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஏறும் ஈரம். கடல் காற்று வேறு. மூடியைத் துடைத்து, உள்ளே மயிரிழைபோல கறுப்புக் கோடு ஓடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கோடு இருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும், எந்த எலெக்ட்ரோனிக்கும் அதைக் காப்பாற்றாது.

விற்கும்போது எது விலை கூட்டும் என்று கேட்டால், பழைய மொரிஸ் தேடி வருகிறவர்கள் பொனட்டைத் திறந்து அசல் சாமானைத்தான் தேடுகிறார்கள் என்பது என் அனுபவம். நான் விற்றது ஒரே ஒரு கார், அதனால் அதற்குமேல் பேச மாட்டேன்.

கை அழுக்காக்க விருப்பமில்லாமல், அடிக்கடி கொழும்பு ஓடுகிறவர் என்றால் எலெக்ட்ரோனிக்கே போடுங்கள். ஆனால் கழற்றிய பொயின்ட் தட்டை, கண்டன்சரோடு சேர்த்து ஒரு துணியில் சுற்றி டிக்கிக்குள் வைத்திருங்கள். கல்முனைக் கூட்டாளியும் வைத்திருக்கிறான். கேட்டால் மட்டும் இல்லை என்பான்.