“ஏறாத கரப்பான்” என்று சொல்லி ரூ. 4,800 வாங்கிக்கொண்டு ஏறுகிற கரப்பானை அனுப்பிய கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் “போய்த் தொலையட்டும்” என்று விட்டுவிடுவேன். அதை நம்பித்தான் இந்த ஆட்கள் தொழிலே நடத்துகிறார்கள்.

போனது ரூ. 4,800. அதோடு வீட்டு நிம்மதியும்.

வீட்டில் ஒரு சில்வர் அரோவானா வளர்க்கிறேன். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சுற்றி, விழுகிற பூச்சியைப் பிடித்துத் தின்னும் மீன் அது. தீனிக்கு வாராவாரம் கடைக்கு அலைய முடியாது, டூபியா கரப்பானை வாங்கி வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். டூபியாவின் பூர்வீகம் தென் அமெரிக்கா. வழவழப்பான கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ அதனால் ஏற முடியாது. ஃபிளாட்டில் இருப்பவனுக்கு அந்த ஒரு குணம்தான் முக்கியம்.

விற்றவர் மீன் தீனி, உயிர்ப்பூச்சி எல்லாம் கூரியரில் அனுப்பும் ஆன்லைன் ஆள். நான் கேட்ட முதல் கேள்வியே “கண்ணாடியில் ஏறுமா?” என்பதுதான். பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பத்து இருபது கரப்பான். சுவரில் கால் வைக்கின்றன, வழுக்குகின்றன, மல்லாக்க விழுகின்றன. பின்னால் அவர் குரல்: “பாருங்கண்ணா, மூடியே தேவையில்ல. நான் கேரண்டி.” என்ன ஒரு தெளிவான வீடியோ! ரூ. 4,800-ஐ உடனே ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

வந்து சேர்ந்தது லாப்ஸ்டர் கரப்பான். அதன் பாதத்தில், இரண்டு நகங்களுக்கு நடுவே ஒட்டிப் பிடிக்கும் சின்னத் திண்டு ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு செங்குத்தான கண்ணாடியில் ஓடும், மூடியில் தலைகீழாகத் தொங்கும். விவரமான ஆள், அனுப்பியதில் பெரும்பாலும் குட்டிகள். அந்தப் பருவத்தில் பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். ஒளிந்துகொள்ள டப்பாவுக்குள் வைக்கும் முட்டை அட்டைக்கு (கடையில் முட்டை அடுக்கும் காகித அட்டை) அடியில் கிடந்த நாலைந்து பெரியவற்றைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஆண், பெண் இரண்டுக்கும் சாம்பல் நிறத்தில் முழு இறக்கை, தலையை மூடும் தட்டில் லாப்ஸ்டர் உருவம் போன்ற கறை. டூபியாவில் பெண்ணுக்கு இறக்கை வெறும் துண்டுதான்.

அது புரிவதற்குள் பாதி வெளியே போயிருந்தது. டூபியாவுக்கென்று செய்த டப்பா, காற்றுக்கு ஓரத்தில் இடைவெளி விட்ட மூடி. அரிசி டப்பாவுக்குப் பின்னால், கேஸ் அடுப்புக்கு அடியில், சுவர்க் கடிகாரத்துக்குள்கூட ஒன்று. என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். நியாயம்தான்.

அப்புறம் ஆரம்பித்தது அவருடைய சமாளிப்பு. முதலில், “உங்க டப்பா அழுக்கா இருக்கும், அதான் பிடிமானம் கிடைக்குது.” கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளரில் அது விறுவிறுவென்று ஏறுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். “டிராவல் ஸ்ட்ரெஸ் சார், செட் ஆயிடும்” என்றார். பயணக் களைப்பில் காலில் திண்டு முளைக்குமா? பிறகு, “உயிருள்ள சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லுலயே இருக்கு.” பில்லே தரவில்லை. கடைசியாக, அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடியாம்! பணம் போகும்வரை “அண்ணா”, போன பிறகு “சார்”, இப்போது நீல டிக் மட்டும்தான்.

பூச்சி மருந்து அடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. வீடுகளில் அடிக்கும் பைரித்திராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். ஒட்டும் அட்டையும், சந்துகளில் போரிக் பவுடரும்தான் இப்போதைக்கு. லாப்ஸ்டர் முட்டைக்கூட்டை வெளியே விட்டுவிட்டுப் போகாது, வயிற்றிலேயே வைத்திருந்து குட்டியாகவே ஈனும், ஒரு ஈட்டுக்கு ஏறக்குறைய முப்பது. நம் ஊர்ப் புழுக்கம் அதற்கு ரொம்பவே ஒத்துப்போகும். ரூ. 4,800 கொடுத்து இதை நானே வீட்டுக்கு வரவழைத்திருக்கிறேன் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எப்படி வாங்குவது, எப்படி வைப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

பழைய வீடியோவை நம்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பப் போகிற பூச்சியையே, பெரியதும் குட்டியுமாக, கண்ணாடி டம்ளரில் போட்டு வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள். ஏறும் வகை ஏற்கெனவே வந்துவிட்டதா? டப்பாவின் உள்பக்கம் மேல்விளிம்பிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு வாஸ்லின் தடவுங்கள். வெயிலில் இளகி வழியும், தூசி படிந்தால் அதன் மேலேயே நடந்து போகும், அதனால் அடிக்கடி துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். முட்டை அட்டை அந்தப் பட்டையைத் தொடக் கூடாது. இறுக்கமான மூடி, காற்றுத் துளைக்குப் பொடிக்கண் ஸ்டீல் வலை. நைலான் வலையைக் கடித்துவிடும். திறக்குமுன் மூடியை நாலு தட்டு தட்டுங்கள், பாதி அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

தப்பி ஓடிப் பிடிபட்டதை மட்டும் மறுபடி மீனுக்குப் போடாதீர்கள். எந்த மருந்தை மிதித்துவிட்டு வந்ததோ.