ஒற்றைத் தலையிடிக்கு ஊசியா, குளிசையா? திருகோணமலை ஆசிரியை ஒருத்தியின் கணக்கு

ஒற்றைத் தலையிடியோடு வகுப்பெடுக்கிற ஆசிரியர்களுக்கு ஆளாளுக்குச் சொல்கிற வழிகள் மூன்று: ஆஸ்பத்திரி கிளினிக்கில் தருகிற தடுப்புக் குளிசை, சித்த வைத்தியம், அக்குபங்சர் ஊசி. நான் ஊசியைத் தெரிவு செய்தவள். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

பெனடோலை, அதாவது பரசிற்றமோலை, நான்காவது வழியாக நான் எண்ணவில்லை. அது அன்றைய வலிக்கு; வலி அடிக்கடி வராமல் தடுப்பதற்கு அல்ல. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிற்றமோல் போட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டினால் குளிசையே தலையிடியைக் கொண்டுவரத் தொடங்கும். பல மருந்து கலந்த வலிக்குளிசைகளுக்கு அந்த எல்லை 10 நாள்தான். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பெனடோல் அட்டை கை மாறுகிற வேகத்தைப் பார்த்தால் பலர் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. காலையில் சாப்பிடாமல் ஏழரைக்கு வகுப்புக்குள் போவது, வெள்ளிக்கிழமை விரதம், இரவிரவாக விடைத்தாள் திருத்துவது, கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கடல் பக்க யன்னலால் வருகிற கண்கூச்சம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

குளிசையில் இருந்து தொடங்கலாம். முதலில் பேசப்படுவது புரொப்ரனலோல். 1960களில் இதயத்துக்கென்று வந்த மருந்து. பிறகு ஒற்றைத் தலையிடியைத் தடுக்கவும் உதவுகிறது என்று கண்டுகொண்டார்கள். நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது குறைக்கும் என்பதால், மேற்பார்வைக்கு ஆள் வருகிறார்கள் என்றாலே வேர்த்துப் போகிறவர்களுக்கு ஒரே குளிசையில் இரண்டு பலன். ஆனால் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு அது ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். எனக்கு முட்டு இருக்கிறது, அதற்கு மேல் நாள் முழுக்க வெண்கட்டித் தூள். அதனால் அந்தக் கதவு எனக்குத் திறக்கவே இல்லை. பாவிக்கிறவர்களும் நினைத்தபடி திடீரென்று நிறுத்தக் கூடாது, டொக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

அடுத்தது இரவில் போடுகிற அமிற்றிப்ரிலின். நித்திரை நன்றாக வரும். சிலருக்கு அந்த நித்திரை காலை முதல் பாடவேளையிலும் கூடவே வரும், வாயும் காய்ந்துபோகும். தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. டொபிரமேற் என்று இன்னொன்று. பேசும்போது சொல் வராமல் தடுமாற வைப்பது அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதில் வேறு ஆபத்தும் உண்டு, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை, ஆகவே இதற்கு மேல் அதைப்பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

குளிசையின் பெரிய பலம், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. கிளினிக் காலையில் என்பதால் ஒரு லீவு போகும். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை கொப்பியோடு போய் வந்தால் முடிந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சித்த வைத்தியத்துக்கு இந்த ஊரில் குறைவில்லை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அது பட்டப்படிப்பு. சுக்குப் பற்று, நசியம் (மூக்கில் மருந்து விடுவது), எண்ணெய் முழுக்கு என்று என் அம்மா காலத்திலிருந்து வீட்டில் நடப்பதுதான். சுக்குப் பற்று எனக்கு அந்த நேரத்துக்கு இதம் தரும், அடுத்த இடியைத் தள்ளிப்போட்டதாகத் தெரியவில்லை. முறையாக ஒரு சித்த வைத்தியரிடம் மாதக்கணக்கில் மருந்து எடுத்தவள் நான் இல்லை, அதனால் என் சொல்லை வைத்து அதைத் தள்ளிவிடாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் போய் ஊற்றிக்கொண்டு வா என்றும் சொன்னார்கள். தலைக்குச் சூடு பட்டாலே எனக்கு இடி தொடங்கும்; ஏழு கிணறும் எனக்கு எதிரிதான்.

இனி ஊசி. தலைமயிர் அளவு மெல்லிய ஊசிகள். பிடரியில் மண்டையோடு முடிகிற பள்ளத்தில் இரண்டு பக்கமும், புருவ நடுவில், கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில், பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் சதையில். இந்தக் கடைசி இடத்தில்தான் எனக்கு அது வேலை செய்கிற மாதிரி இருக்கும்: குத்தும்போது ஒன்றும் தெரியாது, சற்றுப் பிறகு மந்தமான ஒரு கனம் முழங்கை வரை ஏறும். அரை மணித்தியாலம் அப்படியே கிடக்க வேண்டும். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு கைப்பைக்குள் இருந்து கத்தும், கையை அசைக்க முடியாது. பலனில் பாதி அந்த அரை மணித்தியாலத்துக்கே சொந்தம் என்று நான் சந்தேகப்படுவதுண்டு.

அந்தச் சந்தேகம் வெறும் கற்பனையும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற கொக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 22 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 5,000 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. வழமையான சிகிச்சையோடு ஊசியும் போட்டவர்களில் 100க்கு 41 பேருக்குத் தலையிடி வருகிற நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தன. ஊசி போடாதவர்களில் 17 பேருக்கு. ஆனால் ஊசி போடுவதுபோலப் பாவனை செய்த போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது உண்மை ஊசிக்கு 50, போலிக்கு 41. தடுப்புக் குளிசையோடு ஒப்பிட்டால் மூன்று மாதத்தில் ஊசிக்கு 57, குளிசைக்கு 46; ஆறு மாதத்தில் 59க்கு 54. பக்கவிளைவால் பாதியில் விட்டவர்கள் ஊசிப் பக்கம்தான் குறைவு.

இந்தக் கணக்கைச் சொன்னால் ஊசியை நம்புகிறவர்களுக்கும் கோபம் வருகிறது, நம்பாதவர்களுக்கும் கோபம் வருகிறது. எனக்கு அதில் பிரயோசனமான ஒன்று தெரிந்தது. சரியான ஊசிக்கும் போலி ஊசிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு சிறிது என்றால், பேர்போன கையைத் தேடி அலைவதில் பெரிய லாபம் இல்லை. விடாமல் போய்வருவதில்தான் லாபம். கொழும்புக்குப் போ என்று எனக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். அதற்குக் காரணமும் உண்டு. கொழும்பை அடுத்த களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய ஊசி வைத்தியம் செய்தும் கற்பித்தும் வெளிநாட்டாரைக்கூட இங்கே வரவழைத்த கதை இன்னும் பலருக்கு ஞாபகம். ஆனால் இரவு ரயிலில் நித்திரை முழித்துப் போய், மறுநாள் இரவு அதே ரயிலில் திரும்பி வந்தால், ஊசி குறைத்த தலையிடியைப் பயணமே திருப்பித் தந்துவிடும்.

பிரித்தானியாவில் டொக்டர்மாருக்குச் சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கிற நைஸ் வழிகாட்டி, குளிசைகள் சரிவராதவர்களுக்கு 5 முதல் 8 வாரத்துக்குள் 10 தடவை வரை ஊசி போடலாம் என்கிறது. அதாவது வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, ஒரு தவணையின் பெரும்பகுதி. நகரத்தில் படிப்பிக்கிறவருக்கு ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் இரண்டு மணிக்கு ஊசிக் கதிரையில் இருக்கலாம். மூதூரில் படிப்பிக்கிறவருக்கு? 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு அந்த வழியில் உள்ள மற்றப் பாலங்களும் திறந்ததால், ஆற்றைக் கடக்க மிதவைப் பாதைக்குக் காத்திருக்கிற கரைச்சல் இல்லை, சரி. இருந்தாலும் பஸ் பிடித்து ஊர் வந்து சேர நாள் முடிந்துவிடும், அதற்குப் பிறகு ரியூசன் இருந்தால் சொல்லவே வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஆசையோடு போவோம். மூன்றாம் வாரம் விளையாட்டுப் போட்டி வரும், நாலாம் வாரம் தவணைப் பரீட்சை வரும், ஊசி நின்றுவிடும். பிறகு பலனில்லை என்று ஊசியைக் குறை சொல்வோம்.

காசும் இதே கணக்குத்தான். ஒரு தடவைக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். அதைப் பத்தால் பெருக்கி, ஓட்டோக் கூலியைச் சேர்த்து, பிறகு வலி தலைகாட்டும்போதெல்லாம் ஒரு தடவை போக வேண்டி வருவதையும் கூட்டுங்கள். எனக்கு அப்படித்தான், இடைவெளி விட்டால் இடி மெல்லத் திரும்பும். தவணை விடுமுறை தொடங்குகிற வாரத்தில் ஆரம்பித்தால் தொடர்ந்து போக வசதி. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஆள் அகப்பட்டால் இன்னும் நல்லது. ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண் முன்னால் உடைக்கிறாரா, ஒருமுறை போட்டதை எறிகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் எழும்பி வாருங்கள். மறுபடி பாவித்த ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவியிருக்கிறது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். கர்ப்பமாக இருந்தால், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தால் முதலிலேயே சொல்லுங்கள். வாழ்நாளில் காணாத இடி திடீரென்று வந்தால், கை கால் சோர்ந்தால், நாக்குக் குழறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் ஊசியும் வேண்டாம் சுக்கும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

மனப்பதற்றத்துக்கு ஊசி எப்படி என்று கேட்கிறார்கள். இங்கே என் கை கொஞ்சம் நடுங்குகிறது. ஊசி போட்ட அன்று நான் அமைதியாக இருப்பது உண்மை, நல்ல நித்திரையும் வரும். ஆனால் அடுத்த இடி எப்போது வரும் என்ற பயம் குறைந்ததால் பதற்றம் குறைந்ததா, ஊசியே குறைத்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒற்றைத் தலையிடிக்கு இருக்கிற அளவு ஆதாரம் பதற்றத்துக்கு இல்லை. பதற்றம்தான் முதல் பிரச்சினை, தலையிடி அதன் வால் என்றால் ஊசியில் காசைக் கரைக்காமல் மனநல டொக்டரிடமோ ஆலோசகரிடமோ போவதுதான் புத்தி. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குத் தொலைபேசியிலேயே பேசலாம்.

என்னோடு படிப்பிக்கிற அக்கா ஒருவர் போன தவணை இதையெல்லாம் கேட்டார். முட்டு இல்லை, இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட, கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து போகிறவர், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு. ஊசிக்கு ஆள் சேர்க்கிறவள் என்று பேரெடுத்த நான் அவரிடம், "அக்கா, நீங்கள் கிளினிக்குக்குப் போய் அந்தப் புரொப்ரனலோல் உங்களுக்குச் சரிவருமா என்று கேளுங்கோ" என்றுதான் சொன்னேன்.