எடிட் சூட்டுக்கு எதை வாங்கலாம்: மேக் ஸ்டுடியோவா, அசெம்பிள் செய்த சிஸ்டமா?

புதிதாக எடிட் சூட் (வீடியோ எடிட்டிங் அறை) போடுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "இன்டெல் போடலாமா, ரைசன் போடலாமா?" என்றுதான். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மேசைக்கு வரும் புட்டேஜ் எந்தக் கேமராவில், எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) எடுத்தது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி சிஸ்டம் முடிவாகிவிடும்.

இங்கே மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: எம்4 மேக்ஸ் சிப் உள்ள மேக் ஸ்டுடியோ, இன்டெல் பிராசசரும் என்விடியா கார்டும் போட்ட பிசி, ரைசன் பிராசசரோடு அதே என்விடியா கார்டு போட்ட பிசி. ஏஎம்டி-யின் பெரிய பிராசசரான த்ரெட்ரிப்பர் பக்கம் போகவில்லை. நாலைந்து பிசிஐஇ கார்டுகளைச் செருகி டிஐ (படத்தின் இறுதி நிறத் திருத்தம்) ஃபினிஷிங் செய்யும் இடத்துக்குத்தான் அது தேவை. வெட்டி ஒட்டும் வேலைக்கு அத்தனை கோர்களும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எல்லாரையும் கவிழ்க்கும் 4:2:2

கல்யாண வீடியோவிலிருந்து வெப் சீரிஸ் வரைக்கும் இன்று சோனி எஃப்எக்ஸ்3, ஏ7 மார்க் 4 போன்ற கேமராக்கள்தான் அதிகம் சுற்றுகின்றன. அவற்றில் 10 பிட் 4:2:2 (நிற விவரத்தை அதிகம் வைத்துக்கொள்ளும் முறை) வைத்து எச்.265 என்ற கோடெக்கில் எடுத்தால் ஃபைல் சின்னதாக வரும், நிறமும் நன்றாக இருக்கும். கேமராமேனுக்குச் சந்தோஷம். சிக்கல் எடிட்டருக்கு. இந்தக் கோடெக்கில் ஒவ்வொரு பிரேமும் முழுதாக இருப்பதில்லை. முன்பின் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும்தான் பதிவாகிறது. டைம்லைனில் பின்னோக்கி இழுத்தால் ஒரு பிரேமைக் காட்டுவதற்கே சிஸ்டம் பல பிரேம்களை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய சிப்பிலேயே தனிச் சுற்று இருந்தால் வெண்ணெய் மாதிரி ஓடும். இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் பிராசசர் தலையில் விழும்.

கார்டு விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 4090 வந்த நாளில் உலகத்தின் வேகமான கேமிங் கார்டு. ஆனால் 4:2:2 எச்.265-ஐ அவிழ்க்கும் சுற்று அதில் இல்லை. ரைசனுக்குள் இருக்கும் கிராபிக்ஸிலும் இல்லை. இன்டெல்லிலோ 11-ஆம் தலைமுறையிலிருந்தே உள் கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் என்ற சுற்று இந்த வேலையைச் செய்கிறது. அதனால் ரைசனும் 4090-ம் போட்ட லட்சக்கணக்கான ரூபாய் சிஸ்டம் திக்கித் திணறும் டைம்லைனை, ஒரு சாதாரண ஐ5 அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிய கூத்து நடந்தது. ஒரு விஷயம்: மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்று இருக்கும் இன்டெல் பிராசசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் குயிக் சிங்கும் இல்லை. கொஞ்சம் விலை குறைகிறதே என்று கடைக்காரர் அதைத் தள்ளிவிடுவார். எடிட்டிங்குக்கு வாங்குகிறவர் அதைத் தொடவே வேண்டாம்.

2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐ அது அவிழ்க்கும், எழுதவும் செய்யும். ஆகவே இப்போது ரைசன் வாங்கினால் பயம் இல்லை, கார்டு 50 வரிசையாக இருக்கும் வரைக்கும். பழைய 4090 மலிவாக வருகிறதே என்று யோசிப்பவர்கள் முதலில் தங்கள் புட்டேஜைப் பார்த்துவிட்டு யோசிக்கட்டும்.

மேக்கில் இந்தத் தலைவலியே இல்லை. எம்4 மேக்ஸில் எச்.265-க்குத் தனிச் சுற்றோடு, ஆப்பிளின் எடிட்டிங் கோடெக்கான புரோரெஸை அவிழ்க்கவும் எழுதவும் இரண்டு எஞ்சின்கள் இருக்கின்றன. எச்.265-ஐ இறக்குமதி செய்து, புரோரெஸுக்கு மாற்றி, வெட்டி, புரோரெஸிலேயே டிஐ-க்கு அனுப்பும் வேலைமுறை உங்களுடையது என்றால் மேக் ஸ்டுடியோவை அடிக்க ஆள் கிடையாது.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸில் ஹார்டுவேர் டிகோடிங் (சிப்பின் தனிச் சுற்றே கோடெக்கை அவிழ்ப்பது) முழுசாக வேண்டுமென்றால் ஸ்டுடியோ பதிப்பை வாங்க வேண்டும். 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும். பிசி பட்ஜெட் போடும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264-ஐத் திறக்கவே திறக்காது.

கலர், நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று வந்தால்

இங்கே ஆட்டம் மாறுகிறது. ரெட், பிளாக்மேஜிக் கேமராக்களின் ரா ஃபைல்களை அவிழ்ப்பது, படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் ரிசால்வின் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன், மேஜிக் மாஸ்க் (ஆளைத் தனியே பிரித்தெடுப்பது) எல்லாமே கிராபிக்ஸ் கார்டின் முரட்டு பலத்தைக் கேட்கும் வேலைகள். பெரிய என்விடியா கார்டு இதில் எம்4 மேக்ஸைப் பின்னால் விட்டுவிடும். ஆர்டிஎக்ஸ் 5090 என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கார்டுக்கு அதன் சொந்த நினைவகம் மட்டும்தான். 16 ஜிபி உள்ள 5070 டிஐ-யில் 4கே டைம்லைனைத் திறந்து, ஒரு ஷாட்டில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, அதன்மேல் மாஸ்க், அதற்கும் மேல் கிரெய்ன் என்று நோடுகளை (திருத்தப் படிகளை) அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் "கார்டின் நினைவகம் நிறைந்துவிட்டது, டைம்லைன் ரெசல்யூஷனைக் குறையுங்கள்" என்று ரிசால்வ் சொல்லிவிடும். டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்தால் இதைவிடச் சங்கடம் வேறில்லை. மேக்கில் பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே நினைவகம். 64 ஜிபி போட்டிருந்தால் அதில் பெரும்பகுதியைக் கிராபிக்ஸே எடுத்துக்கொள்ளலாம். வேகம் குறைவு, ஆனால் நடுவில் நிற்காது.

விலையைப் பாருங்கள்: 5090 கார்டின் அறிமுக விலை 1,999 டாலர். எம்4 மேக்ஸ் போட்ட முழு மேக் ஸ்டுடியோ 2025-ல் அறிமுகமானபோது தொடங்கிய விலையும் அதே 1,999 டாலர்தான்! ஆனால் அந்தத் தொடக்க மாடலை வாங்கச் சொல்லமாட்டேன். அதில் 36 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 14 கோர் சிப் உள்ள அந்த மாடலில் நினைவகத்தை ஏற்றவே முடியாது; 64 ஜிபி வேண்டுமென்றால் 16 கோர் சிப்புக்குப் போக வேண்டும். எல்லாம் சிப்போடு ஒட்டிய நினைவகம், பின்னால் சேர்க்கவும் வழியில்லை. வாங்கும் நாளிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

பிசி-யின் பெரிய பலமே "இப்போ 32 போடு, அப்புறம் ஏத்திக்கலாம்" என்பதுதான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பேச்சு கொஞ்சம் அடிபட்டது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கே சிப்புகள் போய்விடுகின்றன. மெமரி சிப் நிறுவனமான மைக்ரான் தன் குருஷியல் பிராண்ட் கடைச் சரக்கையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பிசி-யிலும் தேவையான ரேமை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

இன்டெல்லா ரைசனா என்பதில் என் சாய்வு இன்டெல் கோர் அல்ட்ரா பக்கம்தான். கார்டு ஏதாவது தகராறு செய்தாலும் குயிக் சிங்க் கைகொடுக்கும். 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9-களைப் பழையதாக வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் சிப்பே தளர்ந்துபோனதை இன்டெல் 2024-ல் ஒத்துக்கொண்டு, மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தமும் வெளியிட்டு, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. ஏற்கனவே கெட்டுப்போன சிப்பைத் திருத்தத்தால் மீட்க முடியாது. முந்தைய ஆள் அதை எப்படி ஓட்டினாரோ, யாருக்குத் தெரியும்?

டிஸ்க்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பிராசசருக்கு லட்சம் கொடுத்துவிட்டு, புட்டேஜை யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கிலிருந்து நேரடியாக ஓட்டுவார்கள். சின்னக் கணக்கு: 4கே, 25 பிரேம், புரோரெஸ் 422 எச்க்யூ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 332 ஜிபி. வினாடிக்கு 92 எம்பி. சாதாரண கிகாபிட் நெட்வொர்க் அதிகபட்சம் 110 எம்பி வரை தள்ளும். ஆக ஒரே ஒரு கேமராவுக்கே அது மூச்சு வாங்கும். நாலு கேமரா மல்டிகேம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 370 எம்பி. ஒற்றை ஹார்டு டிஸ்க்கால் ஆகாது. இரண்டு மூன்று அறைகளுக்குப் பொதுவாக நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) வைக்கிறீர்கள் என்றால் 10 கிகாபிட் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். மேக் ஸ்டுடியோவில் அந்தப் போர்ட் கூடவே வருகிறது. பிசி-யில் பெரும்பாலும் தனிக் கார்டு போட வேண்டியிருக்கும்.

பதிலுக்கு பிசி மதர்போர்டில் மூன்று, நாலு எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) கிடைக்கும். ஓஎஸ் ஒன்றில், கேஷ் (தற்காலிக ஃபைல்கள்) ஒன்றில், மீடியா ஒன்றில் என்று பிரித்துக்கொள்ளலாம். சில போர்டுகளில் எல்லா ஸ்லாட்டையும் நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் பாதை பாதியாகிவிடும். மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் செருகவும். மேக்கில் உள்ளே கூடுதல் இடம் வாங்க ஆப்பிள் கேட்கும் விலை அநியாயம். தண்டர்போல்ட் பெட்டியில் என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டு வெளியே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மானிட்டர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கலர் பார்க்கும் மானிட்டரை நேராக கிராபிக்ஸ் கார்டில் செருகுவது. நடுவில் ஓஎஸ்-ன் கலர் மேனேஜ்மென்ட் புகுந்து விளையாடும். பிசி-யில், ஓஎஸ்-ஐத் தாண்டி நேராக வீடியோ அனுப்பும் டெக்லிங்க் கார்டு போடலாம். மேக் ஸ்டுடியோவில் ஸ்லாட் கிடையாது, தண்டர்போல்ட்டில் அதே வேலை செய்யும் அல்ட்ராஸ்டுடியோ பெட்டியை மாட்ட வேண்டும். மேக்கில் குயிக்டைம் பிளேயரில் திறந்தால் எக்ஸ்போர்ட் வெளிறித் தெரிகிறது என்று கிளையன்ட் போன் பண்ணுவது அன்றாடக் கதை. மேக் ரெக்.709-ஐ (எச்டி வீடியோவின் நிறத் தரநிலை) வேறு காமாவில் (ஒளி-இருள் அளவீடு) காட்டுவதால் வருவது அது. கிரேடில் (நீங்கள் செய்த நிறத் திருத்தத்தில்) தப்பில்லை. அவசரப்பட்டுக் கிரேடைக் கறுப்பாக்கிவிடாதீர்கள்.

கடைசியாகக் கரன்ட். 5090 மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். கடைகளில் கிடைக்கும் 1 கேவிஏ யுபிஎஸ்களில் பல 600 வாட்டைத்தான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது கரன்ட் போனால் அந்த யுபிஎஸ் சிஸ்டத்தைக் காப்பாற்றாது, கூடவே படுத்துவிடும். 2 கேவிஏ-வுக்காவது போக வேண்டும். அறைக்கு ஏசி-யும் அதற்குத் தகுந்தபடி. எம்4 மேக்ஸ் மேக் ஸ்டுடியோவுக்கு அந்தச் சின்ன யுபிஎஸ்ஸே தாராளம். அதே சமயம் பிசி-யில் பவர் சப்ளை போனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறொன்று வாங்கி, சாயங்காலத்துக்குள் மாட்டி வேலையைத் தொடரலாம். மேக் படுத்தால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று அறை போடுகிறவருக்கு நான் சொல்வது: வெட்டும் அறை இரண்டுக்கும் 64 ஜிபி மேக் ஸ்டுடியோ, கலர் அறைக்கு இன்டெல்லும் என்விடியாவும். ஒரே அறைதான் என்றால், டெலிவரி தேதி தவறக்கூடாத வேலை என்றால், நான் பிசி-யைத்தான் போடுவேன்.