கொரங்காட்டுச் சாளையில் 2 ராத்திரி

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான், எதையும் ரசீதிலிருந்து தொடங்கித்தான் பழக்கம். பெரியவர்கள் 3 பேர், குழந்தைகள் 2 பேர், 2 ராத்திரி, மூன்று வேளைச் சாப்பாட்டோடு 11,000 ரூபாய். போன வருஷம் இதே அரைப்பரீட்சை லீவில் ஊட்டிக்குப் போய், அறை வாடகைக்கு மட்டும் இதைவிட அதிகம் கொடுத்தோம். பாதி நாள் காருக்குள்ளேயே போனது. அதனால்தான் இந்த முறை மலையே வேண்டாம், மேய்ச்சல் காட்டில் ஒரு சாளைக்கு (எங்கள் பக்கத்தில் தோட்டத்து வீட்டுக்கு அதுதான் பெயர்) போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

இடம் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், ஊதியூர் தாண்டிக் கிழக்கே திரும்பிச் சில கிலோமீட்டர். பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். இருப்பது இரண்டே சாளை, கூட்டம் சேர்ந்தால் மாடு மிரளும் என்றார். சரி, போடவில்லை. அந்தப் பக்கம் இது போல ஓர் இடம் எடுக்க நினைப்பவர்கள் எதையெல்லாம் கேட்டுக்கொண்டு முன்பணம் கொடுக்கலாம் என்பதற்காவது இது உதவட்டும்.

கொரங்காடு என்றால் தண்ணீர் பாய்ச்சாமல், வானத்தை நம்பி, புல்லுக்காகவே விட்டு வைத்த நிலம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரம் முழுக்க இது உண்டு. இதையெல்லாம் நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் என் மாமியார். மூலனூர்ப் பக்கம் பிறந்து, பத்து வயது வரை ஆடு ஓட்டியவர். "காசு குடுத்துக் கொரங்காட்டுல படுக்கப் போறீங்களா? எங்கப்பாரு இதைக் கேட்டா எந்திரிச்சு வந்துருவாரு" என்றார். ஆனாலும் முதலில் பை கட்டி வைத்தது அவர்தான்.

போகும் வழியில் ஒரு கூத்து. கைப்பேசி வரைபடம் எங்களை ஓர் இட்டேரிக்குள் தள்ளிவிட்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி மட்டும் போகிற அகலம். வண்டியின் இரு கதவிலும் முள் கீறும் சத்தம் கேட்டபோது என் கணவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முக்கால் கிலோமீட்டர் ரிவர்சிலேயே வந்தோம். அப்புறம் உரிமையாளர் மொபட்டில் வந்து முன்னால் ஓட்டிக் காட்டினார். முன்பணம் வாங்கும்போதே அந்தத் திருப்பத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனவே முதல் கேள்வி இதுதான்: கடைசி 2 கிலோமீட்டருக்கு வழி என்ன?

சாளை நன்றாக இருந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர், நாட்டு ஓடு, வாசலில் நீளத் திண்ணை, உள்ளே ஓர் ஆசாரம் (கூடம்), ஓர் அறை. அறையில் இரட்டைக் கட்டில், ஆசாரத்தில் மூன்று கயிற்றுக் கட்டில். கூரையில் ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். காலையில் அதிலிருந்து ஒரு கட்டம் வெளிச்சம் தரையில் விழுந்து மெல்ல நகரும். என் பையன் அதைப் பார்த்துத்தான் மணி சொன்னான். டிவி இல்லை, ஏசி இல்லை. மார்கழியில் தேவையும் இல்லை. கழிப்பறையைப் புதிதாகப் பொடக்காளியில் (கொல்லைப்பக்கம்) கட்டியிருக்கிறார்கள், வெஸ்டர்ன் வகை, சுத்தம். மாமியாரின் முட்டிக்கு அது முக்கியம்.

தண்ணீர்தான் குறை. ஆழ்குழாய் உப்புத்தண்ணி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கக் கேன் வைத்துவிடுகிறார்கள், ஆனால் தலைக்கு ஊற்றிக்கொண்ட என் மகள் கண்ணாடியைப் பார்த்து அழாத குறை. விறகடுப்பில் தவலை வைத்து வெந்நீர் காய்ச்சித் தருவது அருமை, அந்தப் புகை வாசம் துண்டில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது. பிளக் பாயிண்ட் நான்கில் வேலை செய்தது ஒன்று. சிக்னல் மாடு குடிக்கும் தண்ணித்தாழிக்குப் பக்கத்து வெள்வேல மரத்தடியில் மட்டும். அந்த இரண்டையும் நான் குறையில் சேர்க்கவில்லை.

இனி நாங்கள் பார்க்கப் போன காடு.

மொத்தம் 18 ஏக்கர். நான்காகப் பிரித்துச் சுற்றிலும் கிளுவை வேலி. குச்சியை வெட்டி நட்டால் வேர் விட்டு நிற்கிற உயிர்வேலி அது. கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், ஒரு மழை பெய்தால் தளிர்த்துவிடும். ஆடு மாடு தாண்டாது, அதனால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு பட்டியில் புல் தீர்ந்தால் படலைத் திறந்து அடுத்ததற்கு ஓட்டிவிடுவார்கள். முதல் பட்டிக்குத் திரும்பி வருவதற்குள் அங்கே புல் எழுந்திருக்கும். நடுநடுவே வெள்வேல மரங்கள், குடை பிடித்தது போல. சித்திரை வைகாசியில் புல் காய்ந்து போனதும் அதன் காய் உதிரும், ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்னும். அப்போது மாட்டுக்குச் சோளத்தட்டும் உண்டு. இந்த வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதுவும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதை வைத்து எப்படி மாடு வளர்ப்பது என்று யாரோ பாட்டன் முப்பாட்டன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நாங்கள் போனபோது கொழுக்கட்டைப் புல் முட்டிக்கு மேல் நின்றது. நுனி வைக்கோல் நிறம், அடியில் இன்னும் பச்சை. காற்று அடித்தால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை புல் படுத்து எழும். சத்தம், பக்கத்து அறையில் யாரோ புதுச்சேலை மடிக்கிற மாதிரி. வேறு ஒன்றும் இல்லை. மேற்கே ஊதியூர் மலை, மற்ற மூன்று பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான காடு. தூரத்தில் காற்றாலைகள் நின்றன, ஒன்றும் சுற்றவில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும்போது பார்க்க வேண்டுமாம்.

மாமியார் வண்டியை விட்டு இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே போய் ஒரு புல்லைப் பிடுங்கி, கணுவைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல காடுதானுங்க, உழுதுவிட்டு எத்தனை வருசமாச்சு?" என்று உரிமையாளரைக் கேட்டார். அந்த மனிதர் அதுவரை எங்களிடம் வைஃபை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அரை மணி நேரம் இருவரும் மழை, தட்டு விலை, மயில் தொல்லை என்று பேசினார்கள். எங்கள் பைகளை நாங்களே தூக்கிக்கொண்டோம்.

மாடுகள் 9, எல்லாம் காங்கேயம். செம்மறி இருபதுக்கு மேல். சாம்பல் நிற மயிலைப் பசு ஒன்றின் காலடியில் செவலைக் கன்று நிற்பதைப் பார்த்து என் பையன், "இது வேற மாட்டோட குட்டியா?" என்றான். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் போல ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்று உரிமையாளர் சொல்ல, அவன் நம்பவில்லை. அப்புறம் வயது வாரியாக மூன்று கன்றுகளை வரிசையாக நிறுத்திக் காட்டினார். ஒன்று செங்கல், ஒன்று பாதி மாறியது, ஒன்று சாம்பல். டிக்கெட் போட்டு எந்தப் பூங்காவிலும் இதைக் காட்ட மாட்டார்கள். பால் கம்மிதான் இந்த மாட்டில். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் மாட்டுத்தாவணிக்கு ஒரு காளையை ஓட்டிப் போவதா வேண்டாமா என்று அவர் வீட்டில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

இப்போது என் பெரிய வருத்தம். சாளைக்கு முன்னால் ஒரு சென்ட் அளவுக்கு மெக்சிகன் புல் போட்டு, காலையும் பொழுதோடவும் (சாயங்காலமும்) தெளிப்பான் வைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள். 18 ஏக்கர் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே! நகரத்திலிருந்து வருகிறவர்கள் லான் கேட்கிறார்கள், ராத்திரி நெருப்பு மூட்டி உட்காரக் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் விட முடியுமா என்றார் உரிமையாளர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, முதல் ராத்திரியே அது தெரிந்தது. பக்கத்துச் சாளையில் இருந்த இளைஞர்கள் லானை விட்டுவிட்டு வேலியோரம் போய் மூட்டினார்கள். மாமியார் எழுந்து போய்ப் போட்ட சத்தத்தில் அவர்களுடைய ஸ்பீக்கரே நின்றது. "ஏங் கண்ணு, ஒரு பொறி பறந்தா மாடு எங்க போகும்? கல்லுக்களம் சும்மாதான கெடக்குது, அங்க வந்து மூட்டு." வந்தார்கள். பாட்டு மறுபடி ஆரம்பித்தது, 11 மணி வரை ஓடியது. உரிமையாளர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது கேள்வி, எனவே: ராத்திரி எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது?

சாப்பாட்டில் முதல் நாள் ஏமாற்றம். மணி ஒன்பதுக்குச் சப்பாத்தி, குருமா, கோபி மஞ்சூரியன் வந்தது. திருப்பூரில் எங்கள் தெரு முனையில் கிடைப்பது. சமைக்கிற அக்காவிடம் கேட்டால், "டவுன்காரங்க இதத்தான சாப்புடுவீங்க" என்றார். மறுநாள் காலையில் நேரமே மாமியார் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். என்ன பேசினார்களோ, மதியம் கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் மோரும் வந்தன. கம்பு நன்றாகக் குத்தி, தவிடு போகப் புடைத்து, குழையாமல் திரட்டியது. நடுவில் குழி பறித்துக் கொள்ளை ஊற்றி, மேலே ஒரு விரல் நல்லெண்ணெய். என் மகள் முதல் வாய்க்கு மூக்கைச் சுளித்தாள், அப்புறம் தட்டை நீட்டினாள். ராத்திரி நாட்டுக்கோழித் தண்ணிக்குழம்பு, சின்ன வெங்காயம் மிளகாய் மல்லி மட்டும் அரைத்து, தேங்காய் அதிகம் போடாமல். கடைசி நாள் காலையில் சந்தகை, இடியாப்பம் மாதிரி. அச்சில் பிழிய இரண்டு ஆள் வேண்டும், அக்காவும் என் கணவரும் பிழிந்தார்கள். கல்யாணமாகி 14 வருஷத்தில் அவர் சமையல்கட்டில் வியர்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டோம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சொன்னால் செய்கிறார்கள்.

குழந்தைகளுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு ஊஞ்சல், அவ்வளவுதான். முதல் மூன்று மணி நேரம் "போர் அடிக்குது" என்று மகள் வெள்வேல மரத்தடியிலேயே நின்றாள், சிக்னலுக்காக. இரண்டாம் நாள் பொழுதோட அதே மரத்தடியில் நின்று, போன் பையில் கிடக்க, ஒரு கரிச்சான் மாட்டின் முதுகிலிருந்து பூச்சிக்குப் பாய்ந்து பாய்ந்து திரும்புவதை எண்ணிக்கொண்டிருந்தாள். 41 வரை எண்ணினேன் என்றாள். பையனுக்கு ஒரு பனங்காடை இறகு கிடைத்தது, அந்த நீலத்தைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லையாம். கவுதாரி விடிய முன்னால் கத்தத் தொடங்கிவிடும், தூக்கம் கெட்டது என்று சொல்லக்கூடாது.

எனக்கு? இரண்டாம் நாள் மதியம் திண்ணையில் படுத்தேன், கண் விழித்தபோது படலைத் திறந்து ஆடுகளைப் பட்டி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. மாதக்கடைசி, ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் எதுவும் கனவில்கூட வரவில்லை. 11,000 ரூபாயை நான் அந்தத் தூக்கத்தின் பேரில்தான் எழுதியிருக்கிறேன்.

கிளம்பும்போது உரிமையாளர், "அம்மா, இன்னும் என்ன செஞ்சா நல்லாருக்குமுங்க?" என்று மாமியாரைக் கேட்டார். "அந்தப் புல்லுக்கு அடிக்கற தண்ணியத் தாழியில நெறைச்சு வைங்க சாமி, மத்தியானம் மாடு வந்து நக்கிட்டுப் போகுது" என்றார். அவர் சிரித்தார். செய்வாரா என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: மழை முடிந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை நல்லது. பங்குனிக்கு மேல் போனால் வெறும் தரையும் வெயிலும்தான். கனமான அடி உள்ள செருப்பு கட்டாயம், வெள்வேல முள் ரப்பரைத் துளைத்து ஏறும். ராத்திரி வெளியே போக டார்ச் வேண்டும், பாம்பு உண்டு. திரும்பும் வழியில் சிவன்மலை முருகன் கோயிலுக்கு ஏறி, பக்தர் கனவில் சாமி கேட்ட பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தோம், கூட்டம் அதிகமில்லை.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் காலையில் வண்டியின் பின்சக்கரம் தரையோடு படுத்திருந்தது. பஞ்சர் கடைக்காரர் இரண்டு முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "எந்த இட்டேரிக்குள்ள போனீங்க?" என்றார். 300 ரூபாய். ஆக மொத்தம் 11,300.